மோப்பக்காரர் சொன்ன இடத்தில் போட்ட ஓட்டை

"வெறும் சளிதானே" என்று சொன்னவர்களை எல்லாம் ஒரே வரிசையில் நிற்க வைத்தால், வரிசை தெருமுனையைத் தாண்டிப் போகும். மருந்துக்கடைக்காரன், எதிர்வீட்டுக்காரி, பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தவன், சொந்தக்காரன், சொந்தம் என்று சொல்லிக்கொண்டு வந்தவன் என்று ஒருத்தர் பாக்கியில்லை. இவர்களில் யாருக்காவது அந்த மூக்கை ஒரே ஒரு நாள் கழற்றி மாட்டிவிட முடிந்திருந்தால் சங்கதி புரிந்திருக்கும்.

அது சாதாரண மூக்கு இல்லை. மோப்பக்காரர் மூக்கு.

மோப்பக்காரர் குழாய் வேலைக்காரர். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர். மீசை அரும்புவதற்கு முன்னால் ரெஞ்சைத் தூக்கியவர், யார் தயவும் இல்லாமல் தனக்கென்று ஒரு கடையும், கடை வாசலில் வேலைக்குக் காத்திருக்கும் ஆட்களும் சேர்த்தார். அந்த ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் காலுக்கடியில் அவர் போட்ட கழிவுநீர்க் குழாய் ஒன்றாவது சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். சத்தமில்லாமல் ஓடுவதுதான் அந்த வேலைக்குப் பெருமை. ஊருக்குத் தெரிந்துவிட்டால் வேலை நாறிவிட்டது என்று அர்த்தம்.

பேர் வந்தது மூக்கால். ஒரு கட்டடத்தில் எங்கிருந்தோ சாக்கடை நாற்றம் வருகிறது, எங்கே என்று தெரியவில்லை என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவார். யாரையும் பேச விடமாட்டார். கண்ணை மூடி இரண்டு இழுப்பு இழுப்பார். பிறகு சுவரோரமாக நடந்து போய் ஒரு டைல்ஸைக் கால் கட்டைவிரலால் தட்டி, "இதை உடை" என்பார். உடைத்தால், அங்கேதான் இருக்கும் ஓட்டை. அந்தக் கால் கட்டைவிரல் தப்பாகத் தட்டியதே இல்லை.

அப்படிப்பட்ட மூக்கு கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வந்தது.

இளவயதில் மேலிருந்து நழுவிய இரும்புக் குழாய் ஒன்று மூக்கைப் பதம் பார்த்திருந்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அன்றைக்கே வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். மூக்கு வெளியே நேராகத்தான் இருந்தது. உள்ளே நடுச்சுவர் வளைந்து போனது யாருக்குத் தெரியும்? வருஷம் போகப் போக, குனிந்தால் கன்னத்துக்குள் ஈயக்குண்டு உருண்டது. புருவத்துக்கு நடுவில் யாரோ ஆணி அடித்துக்கொண்டே இருந்தார்கள். தொண்டைக்குப் பின்பக்கம் எந்நேரமும் கெட்டியாக ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு நாள், கடையில் இருந்த, குழாய் ஒட்டுகிற பசை டப்பாவைத் திறந்து முகர்ந்தார். ஊரையே தூக்கும் அந்த நெடி அவருக்குத் தண்ணீர் மாதிரி இருந்தது.

பயந்துவிட்டார். வெளியே சொல்லவில்லை. சமையல்காரனுக்கு நாக்கு செத்துவிட்டது என்று தெரிந்தால் யார் கூப்பிடுவார்கள்?

வீட்டுக்காரியிடம் மட்டும் சொன்னார். அவள் யோசித்தாள்.

"சரி, இனிமே நானும் வரேன்."

"எங்க?"

"வேலைக்குத்தான். நாத்தம் எங்க இருக்கோ அங்க வந்ததும் நான் இருமுறேன். நீங்க கட்டைவிரலால தட்டுங்க."

"என் பொழப்பு உன் இருமல்ல வந்து நிக்குதா!"

"நிக்கட்டுமே. இத்தனை வருஷம் உங்க குறட்டையில என் தூக்கம் நிக்கலையா?"

அப்படித்தான் நடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி, கடைக்குப் போகிற வழி என்று ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அவளும் கூடவே வருவாள். மோப்பக்காரர் கண்ணை மூடி, ஒன்றும் தெரியாத மூக்கால் பெரிதாக இரண்டு இழுப்பு இழுப்பார். சுவரோரமாக நடப்பார். பின்னால் அவள் இருமினால் நிற்பார். தொழில் ஓடியது. அவளுடைய தம்பி, அதாவது அவருடைய மைத்துனன், கடையில் இரண்டாவது ஆள். வாயாடி. அவனுக்குக்கூட விஷயம் தெரியாது.

குட்டு உடைந்தது ஒரு விடுதியில். புதிதாகப் பளிங்குக் கல் பதித்த சாப்பாட்டுக் கூடம். தரை அப்படியே முகம் பார்க்கும் கண்ணாடி. எங்கோ லேசாக நாற்றம். விடுதிக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பக்கத்து அறையில் கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூசி தொண்டையில் ஏறி, பாவம், அவளுக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. கூடத்துக்கு நட்ட நடுவில் வந்தது.

மோப்பக்காரர் கட்டைவிரலால் தட்டினார்.

மைத்துனன் உடைத்தான். கீழே கெட்டி மண். குழாயும் இல்லை, குழாயின் நிழலும் இல்லை. "இன்னும் கொஞ்சம் தள்ளி" என்றார். அவள் அடக்க முடியாமல் மறுபடி இருமினாள். அங்கேயும் உடைத்தார்கள். மண். விடுதிக்காரர் முகம் சுண்டைக்காய் ஆகிவிட்டது.

மைத்துனன் அக்காளைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், புரிந்துகொண்டான்.

"மாமா, நாத்தத்தைத் தேடுறோமா, புதையலைத் தேடுறோமா?"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மோப்பக்காரருக்கு நெஞ்சில் தைத்தது. தரையைத் தன் செலவில் சரிசெய்து கொடுத்தார், அதை விடுங்கள். போன பேரை எந்தச் சிமெண்டு வைத்துப் பூசுவது?

மறுநாளே பேர் வாங்கிய ஒரு டாக்டரிடம் போனார். சிரித்த முகம். கணீரென்ற குரல் இல்லை, பஞ்சு மாதிரிப் பேச்சு. படம் எடுத்து, விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினார். மூக்கைச் சுற்றி எலும்புக்குள் காற்று அறைகள் இருக்கின்றன, கன்னத்துக்குள் இருப்பதுதான் பெரிய அறை, அதன் வாசல் அடைத்துக்கொண்டு உள்ளே சளி கட்டி நிற்கிறது என்றார்.

"வாசல் எங்க இருக்கு டாக்டர்?"

டாக்டர் பேனா முனையால் தொட்டார். அறையின் உச்சியில், கூரைக்குப் பக்கத்தில்.

மோப்பக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆயுள் முழுக்கத் தண்ணீரைச் சரிவு வாட்டம் பார்த்து ஓட்டிய மனிதர்.

"இது என்ன கூத்து! தொட்டிக்கு வெளியேறுற வழி உச்சியிலயா இருக்கும்? இப்படிக் கட்டினவன் என்கிட்ட வேலை பாத்திருந்தா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிருப்பேன். இங்க பாருங்க டாக்டர், அடியில ஒரு ஓட்டை போடுங்க. தானா வடிஞ்சிடும்."

டாக்டர் சிரித்தார். "நீங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு."

"நியாயம் என்ன நியாயம், தொழில் அது! நான் போடாத வடிகாலா?"

வீட்டுக்காரிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "டாக்டர், நீங்க என்ன நினைக்கிறீங்க? நீங்க சொல்லுங்க" என்றாள்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. அவர் ஆசைப்படியே செஞ்சிடுவோம்."

ரெண்டும் ஒண்ணுதான்! இந்த வார்த்தையை நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவை நடந்தது. கன்ன அறையின் அடியில், மோப்பக்காரர் சொன்ன அதே இடத்தில், அழகாக ஒரு ஓட்டை போட்டார்கள். அவர் படுக்கையில் கிடந்த நாட்களில் வெளிவேலை எல்லாம் மைத்துனன் கையில். அந்த டாக்டரே தன் மருத்துவமனையில் ஏதோ குழாய் அடைப்பு என்று கூப்பிட, அதற்கும் அவன்தான் போய் வந்தான்.

கொஞ்ச நாள் தேவலாம் போல இருந்தது. வந்தவர்களிடம் எல்லாம், "டாக்டருக்கு வழி சொல்லிக் கொடுத்ததே நான்தான்" என்று நெஞ்சை நிமிர்த்தினார். பிறகு ஈயக்குண்டு திரும்ப வந்தது. ஆணியும் வந்தது. பசை டப்பா தண்ணீராகவே இருந்தது. திரும்பப் போய்க் கேட்டால், டாக்டர் அதே பஞ்சுக் குரலில், "அது உங்க உடம்பு வாகு" என்றார்.

உடம்பு வாகாம்! ஒரு வீட்டுக்குக் குழாய் லைன் போட்டுவிட்டு, தண்ணீர் போகவில்லை என்று அவர்கள் வந்து நின்றால், "அது உங்க வீட்டு வாகு" என்று ஒரு குழாய்க்காரன் சொல்ல முடியுமா? செருப்பு பறந்து வரும்.

ஒரு காலையில் எழுந்தபோது இடது கண் திறக்கவில்லை. இமை வீங்கி, பந்து மாதிரி இருந்தது. வீட்டுக்காரி அலறிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கே பார்த்தவள் ஒரு சின்ன டாக்டரம்மா. ஒல்லியான உருவம், உரத்த குரல். முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. ஊசி போட்டு வீக்கத்தை இறக்கினாள். பிறகு விளக்கு வைத்த மெல்லிய குழாய் ஒன்றை மூக்குக்குள் விட்டு, உள்ளே தெரிவதைப் பெரிய திரையில் போட்டாள்.

"இந்த ஓட்டையை யார் இங்க போட்டது?"

மோப்பக்காரர் பெருமையோடு, "டாக்டர்தான் போட்டாரு. இடம் சொன்னது நான்" என்றார்.

"ஏன் சொன்னீங்க?"

"ஏன்னா? தண்ணி கீழதானே ஓடும்? மேல ஏறுமா?"

"இங்க ஏறும்."

"டாக்டரம்மா, நான் இந்தத் தொழில்ல..."

"உங்க தொழில் சிமெண்டுத் தொட்டியில. இது உயிருள்ள தொட்டி. வாயை மூடிட்டுத் திரையைப் பாருங்க."

அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. வாய் தானாக மூடிக்கொண்டது.

அவள் சொன்னாள்: அந்த அறைகளின் சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ரோமங்கள். எல்லாம் ஒரே திசையில் அசைந்து, துடைப்பத்தால் தள்ளுகிற மாதிரி சளியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளுவது உச்சியில் இருக்கிற பிறவி வாசலை நோக்கி. தலைகீழாக நின்றாலும் அந்தத் திசை மாறாது. அடியில் அரண்மனைக் கதவே வைத்தாலும் சளி அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காது.

"இங்க பாருங்க. மேல் வாசல்ல சதை வளர்ந்து பாதி அடைச்சிருக்கு. கொஞ்சமா கசிஞ்சு வெளிய வருதா? அது எங்க போகுதுன்னு பாருங்க."

திரையில் மஞ்சளாக ஒரு துளி உச்சியிலிருந்து எட்டிப் பார்த்தது. சுவரோடு வழுக்கிக் கீழே வந்தது. அவர் சொன்ன இடத்தில் போட்ட அழகான ஓட்டைக்குள் மெதுவாக நுழைந்து, திரும்ப உள்ளே போய்விட்டது.

"வெளிய வந்த அழுக்குத் தண்ணி திரும்பத் தொட்டிக்கே போறதுக்கு நீங்களே லைன் போட்டு வச்சிருக்கீங்க" என்றாள்.

மோப்பக்காரர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரி பயந்துபோய் அவர் தோளைத் தொட்டாள். அவமானத்தில் உடைந்துவிட்டார் என்று நினைத்தாள். இல்லை. உள்ளே கொதித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, இது அவருக்குத் தெரியுமா? அந்த டாக்டருக்கு?"

"படிச்ச எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா நான் சொன்னதைக் கேட்டாரு?"

அவள் திரையை அணைத்தாள். மேல் வாசலைத் திறக்க வேண்டும், வளைந்த நடுச்சுவரை நிமிர்த்த வேண்டும், சதையை எடுக்க வேண்டும் என்றாள். ஒவ்வொரு மூக்கும் உள்ளே ஒரு தினுசு. இவருக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கும் எலும்பு காகிதம் மாதிரி மெலிந்திருக்கிறது, அதனால்தான் கண்வரை வீங்கியது, நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை என்றாள்.

"மோப்பம் திரும்ப வருமா?"

"வரலாம். வராமலும் போகலாம். சத்தியம் பண்ண மாட்டேன்."

"அந்தப் பக்கமும் லேசா ஒரு ஓட்டை..."

"எந்தப் பக்கம்னு நான் பாத்துக்கறேன்."

வெளியே வந்ததும் வீட்டுக்காரி, "என்னங்க, இப்படிச் சுள்ளுனு பேசுறா" என்றாள்.

"பேசட்டும். இவதான் டாக்டர்" என்றார் மோப்பக்காரர்.

இரண்டாவது அறுவை நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகு தினமும் உப்புத் தண்ணீரை ஒரு துவாரத்தில் விட்டு மறு துவாரத்தில் வாங்க வேண்டும். வீட்டுக்காரி குப்பியைப் பிடிக்க, அவர் தொட்டிமேல் குனிந்து, "ஊர் லைனை எல்லாம் நான் கழுவினேன், என் லைனை நீ கழுவுற" என்று முனகுவார். ஈயக்குண்டு போனது. ஆணி போனது. குறட்டை பாதியானது. ஆனால் மோப்பம் வரவில்லை. காலையில் பசை டப்பா, மாலையில் பசை டப்பா. தண்ணீர்தான். பிறகு டப்பாவைத் திறப்பதையே விட்டுவிட்டார். அவள் வேலைக்குக் கூட வருகிறேன் என்றபோது, "வேண்டாம், உன் இருமலுக்கு இனி நான் ஆடமாட்டேன்" என்றார். குழாய் மாற்றுகிற, பூட்டுகிற வேலைகளை மட்டும் எடுத்துக்கொண்டார். மோப்ப வேலை வந்தால் கையை விரித்தார்.

ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. முதல் டாக்டரை முகத்துக்கு நேராக நாலு கேள்வி கேட்க வேண்டும். வீட்டுக்காரி தடுத்தாள். அவர் கேட்கவில்லை. சரி, மனுஷன் கையை ஓங்கிவிடக் கூடாதே என்று அவளும் கூடப் போனாள்.

டாக்டர் அதே சிரித்த முகத்தோடு உட்காரச் சொன்னார். மோப்பக்காரர் உட்காரவில்லை.

"அடியில ஓட்டை போட்டா வேலைக்கு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

டாக்டர் நெளிந்தார். "நீங்கதானே பிடிவாதமா சொன்னீங்க. அவ்வளவு சத்தமா..."

"நான் சொன்னா? நான் யாரு? குழாய்க்காரன்! வீட்டுக்காரங்க என்கிட்ட வந்து, குளியலறைத் தண்ணியைக் குடிதண்ணித் தொட்டிப் பக்கம் திருப்புன்னு சொன்னா, அவங்க ஆசைன்னு திருப்பிடுவேனா? கத்தினாலும் முடியாது, காலைப் பிடிச்சாலும் முடியாதுன்னு பையைத் தூக்கிட்டு வந்துடுவேன். எத்தனை வேலையை அப்படி விட்டிருக்கேன் தெரியுமா? தெரியாதவன் ஆயிரம் சொல்லுவான். தெரிஞ்சவன் மாட்டேன்னு சொல்லணும். அதுக்குத்தானே ஐயா உங்களைத் தேடி வர்றோம்! ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னீங்களே, என் வீட்டுக்காரி கேட்டப்போ. சொன்னீங்களா இல்லையா? ரெண்டும் ஒண்ணா? எது ஒண்ணு? என் கண்ணு போயிருந்தா..."

அங்கே சட்டென்று நிறுத்தினார்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். மோப்பக்காரர் கண்ணை மூடியிருந்தார். வீட்டுக்காரிக்கு அந்த அறைக்குள் நுழைந்ததிலிருந்தே தொண்டை அரித்துக்கொண்டிருந்தது. நாற்றம் கண்டால் இருமுகிற பழக்க தோஷம். வாயைத் திறந்தாள்.

அவர் கையை உயர்த்தினார். "இருமாதே."

ஓர் இழுப்பு இழுத்தார். இன்னொரு இழுப்பு. வலது துவாரத்தில் ஒன்றுமில்லை. இடதில், எங்கோ உச்சியில், நூல் மாதிரி மெல்லிசாக ஒன்று. விட்டுப் போன சொந்தக்காரன் வாசலில் வந்து நிற்கிற மாதிரி. சாக்கடை. அசல் சாக்கடை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை மறைக்க விறுவிறுவென்று சுவரோரம் நடந்து, மூலையில் இருந்த கைகழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்தார். கன்னத்தில் எதுவும் உருளவில்லை.

தொட்டிக்குக் கீழே வளைவுக் குழாய் இல்லை. எந்தத் தொட்டிக்கும் கீழே கழுத்து மாதிரி வளைந்து ஒரு மடக்குத் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்குமே, அந்த வளைவு. அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்று வீட்டுக்குள் ஏறாமல் மறிக்கிற கதவு. அதைக் கழற்றிவிட்டு நேர்க் குழாயைத் தரைக்குள் இறக்கியிருந்தார்கள்.

"இதை எந்த மடையன் செஞ்சான்?" என்று கத்தினார். டாக்டர்மேல் இருந்த கோபம் அத்தனையும் குழாய்க்குத் தாவிவிட்டது.

"அந்த வளைவுல அடிக்கடி அடைச்சுக்கிச்சு. நேரா விட்டா வேகமா போகுமேன்னு நான்தான் சொன்னேன்" என்றார் டாக்டர் மெதுவாக.

"நீங்க சொல்லுவீங்க. உங்களுக்கு என்ன தெரியும்? செஞ்சவன் யாரு? ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லாம, கழட்டிப் போட்டுட்டுப் போனானே, அவன் யாரு?"

டாக்டரின் சிரித்த முகம் அப்போதுதான் முதல் முறையாக மாறியது. சொல்லலாமா வேண்டாமா என்று வீட்டுக்காரியைப் பார்த்தார்.

"உங்க ஆள்தான். இவங்க தம்பி."

மோப்பக்காரர் போனை எடுத்தார்.

"மாப்ள, எங்க இருக்க?"

"கடையிலதான் மாமா."

"இந்த டாக்டர் ரூம்ல வளைவைக் கழட்டினது நீயா?"

"ஆமா மாமா. டாக்டரு சொன்னாரு. பெரிய மனுஷன், அவரை எதிர்த்து நான் என்னத்தப் பேசுறது?"

மோப்பக்காரர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மேசையைப் பார்த்தார்.

"பையை எடுத்துட்டு இங்க வா. வந்து வளைவை மாட்டு. அவரு வேண்டாம்னு கையைப் பிடிச்சாலும் மாட்டு. இனிமே தெரிஞ்சதைச் சொல்லாம வாயை மூடிட்டு எவன் வேலை செஞ்சாலும் என் கடைப் படி ஏறக் கூடாது, நீயா இருந்தாலும் சரி."

மைத்துனன் வந்தான். அவர் மேலே நின்றுகொண்டு விடாமல் திட்ட, அவன் கீழே படுத்துக்கொண்டு மாட்டினான். "மாமாவுக்கு மூக்கு திரும்பிடுச்சு, நமக்குக் காதுதான் போகப்போகுது" என்று தொட்டிக்கு அடியிலிருந்து அவன் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. டாக்டர் ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, "நான் அன்னிக்கு மறுத்துச் சொல்லியிருக்கணும்" என்றார். "சொல்லியிருக்கணும்" என்றார் மோப்பக்காரர். அதற்குமேல் ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

தெருவில் இறங்கியதும் நடையில் பழைய மிடுக்கு வந்துவிட்டது. ஒரு மேன்ஹோல் மூடியைத் தாண்டும்போது நின்று, ஓர் இழுப்பு இழுத்து, "மூடி சரியா உக்காரல" என்றார். அடுத்த முக்கில் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். நாளைக்கே அந்த விடுதிக்காரரிடம் போய் அந்த நாற்றம் எங்கே என்று காட்டிவிட்டு வரப்போவதாகச் சொன்னார்.

வீட்டுக்காரி அவர் முன்னால் போய் நின்றாள்.

"காலையில இருந்து உங்க பக்கத்துலதான் நடந்து வரேன். புது சென்ட் போட்டிருக்கேன். தெரியுதா?"

அவர் குனிந்து அவள் தோளருகே முகர்ந்தார். இடதால் முகர்ந்தார், வலதால் முகர்ந்தார். முழித்தார்.

"ஊர்ச் சாக்கடை எல்லாம் தெரியுது, நான் மட்டும் தெரியலையா!" என்று அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.